மேயருக்கு வைத்த விருந்து

மொன்ரியலுக்கு வருவதற்கு முன்பு நானும் மனைவியும் மகளும் பிரான்சில் ஒரு சின்னஞ்சிறு ஊரில் இருந்தோம். சார்த்ர் நகரத்துக்குப் பக்கத்தில். பேராலயத்துக்குப் பேர்போன பழைய நகரம் அது. எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் அதைப் பார்க்க வருவார்கள். எங்கள் ஊருக்கு ஒருவரும் வருவதில்லை. சுற்றிவரக் கோதுமை வயல், நடுவில் கல் வீடுகள், ஞாயிற்றுக்கிழமையும் பூட்டிக் கிடக்கிற ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், மேயரின் கந்தோர், ஊர்க்கோடியில் செத்தவர்களைப் புதைக்கிற, மதில் கட்டிய சேமக்காலை. வானம் வெளித்திருந்தால் வயலுக்கு அப்பால் பேராலயத்தின் இரண்டு கோபுரங்களும் தெரியும். வேறு பார்க்க எதுவுமில்லை.

அங்கே நாங்களாகப் போகவில்லை. எங்கள் அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டபோது பாரிஸில் ஒரே வீட்டில் மூன்று குடும்பம் படுத்தெழும்பிக்கொண்டிருந்தோம். அந்த ஊரில் ஒரு வீடு வெறுமனே கிடக்கிறது என்று தேவாலயத்து ஆட்கள் சிலர் கூட்டிக்கொண்டு போனார்கள். ஊரின் மேயர் கோதுமைக் கமக்காரர். வயலில் நின்றபடியே சேறு பிடித்த சப்பாத்தோடு வந்து என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. இரண்டு கையாலும் மண்வெட்டி பிடித்து வெட்டுவதுபோலச் செய்து காட்டினார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

அந்த ஊராட்சிக்கு நான் ஒருவனே ஊழியன். தெருவோரப் புல் வெட்டுவது, வாய்க்கால் தோண்டுவது, சன்னலோரப் பெட்டிகளில் பூக்கன்று நடுவது, பள்ளிக்கூடத்துச் சூடாக்கியைப் பார்ப்பது, மாரியில் பனி விழுந்தால் ரோட்டுக்கு உப்புப் போடுவது எல்லாம் என் வேலை. சேமக்காலையைத் துப்புரவாக வைத்திருப்பதும் என் வேலை. ஊரில் ஆராவது செத்தால் புதைக்கக் கிடங்கு வெட்டுவதும் என் வேலை.

முதல் கிடங்கு ஒரு கிழவிக்கு. மேயரும் மண்வெட்டியோடு வந்து என்னோடு சேர்ந்து வெட்டினார். எனக்கு மண்வெட்டி ஓடவில்லை. பாரம் காரணமல்ல. யாழ்ப்பாணத்தில் அந்த வேலைக்கென்று பிறப்பாலேயே ஆட்களை ஒதுக்கி வைத்திருந்த சனம் நாங்கள். எங்கள் கிணற்றில் அவர்கள் தண்ணீர் அள்ள முடியாது. எங்கள் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. அடக்கம் முடிந்ததும் கிழவியின் மகன் நேரே என்னிடம் வந்து கையை நீட்டினான். என் கையெல்லாம் மண். நான் பின்னுக்கு இழுத்தேன். அவன் விடவில்லை, பிடித்துக் குலுக்கினான். பிறகு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் மேசையில் தன் மாமனுக்குப் பக்கத்தில் இருத்திச் சாப்பாடு போட்டான். அன்றைக்கு எனக்கு ஏற்பட்டது சந்தோசமா அவமானமா என்று இப்போதும் தெரியாது.

மனைவிக்கு அது அவமானம்தான். கிடங்கு வெட்டும் நாட்களில் பின் கொட்டிலில் சுடுதண்ணியும் மாற்றுடுப்பும் வைத்துவிட்டு, கதவுக்குள் நின்று சொல்லுவாள்.

"குளிச்சுப்போட்டு உள்ளுக்கு வாங்கோ."

அவளையும் குறை சொல்லேலாது. பேச்சுத் துணைக்கு ஒரு தமிழ்ச் சனம் கிடையாது. காலமை பள்ளிப் பிள்ளைகளோடு நகரத்துக்குப் போகிற பஸ் பின்னேரம்தான் திரும்பி வரும். மிளகாய்த்தூள் வாங்க ரயிலேறிப் பாரிஸுக்குப் போனால், திரும்பி வரும் வழியெல்லாம் அழுவாள். மொன்ரியலில் இருந்த தமையனோடு தொலைபேசியில் கதைக்கும்போது மட்டும் குரல் நிமிரும்.

"அவருக்கு நகரசபையிலை வேலை அண்ணை. அரசாங்க உத்தியோகம்."

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவளுக்குப் பெருமைப்பட வேறு எதுவும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாரியில் மேயரின் மனைவி செத்துப்போனார். அந்த வருசம் நிலம் கல்லாய் உறைந்து கிடந்தது. நகரத்து அடக்கக் கம்பனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, குளிர் தணியும்வரை பிரேதத்தைக் குளிர் அறையில் வைத்திருக்கலாம் என்றார்கள். மேயர் மதிலோரம் போய் நின்று அழுதார். அந்தப் பெரிய மனிதன் தோள் குலுங்க அழுததைப் பார்த்து நான் போய் மண் கொத்துகிற பிக்கானை எடுத்தேன். வைக்கோலைக் கொளுத்தி மண்ணை இளக்கி, கொத்திக் கொத்தி, கைத் தோல் பிய்ந்து, கடைசியில் கிடங்கு வந்தது. குறித்த நாளில் அடக்கம் நடந்தது. அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

மகள் வளர வளர மனைவியின் நச்சரிப்பும் வளர்ந்தது. பிள்ளைக்குத் தமிழ் வராது, ஒரு நல்லது கெட்டதுக்கு ஆள் இல்லை என்று நாள் முழுக்க அதுதான் கதை. தமையனும் அங்கிருந்து உருவேற்றினார். "மச்சான், இஞ்சை வாரும். பிரெஞ்சு தெரிஞ்ச தமிழனுக்கு மொன்ரியலிலை ராச வாழ்க்கை." எங்களுக்குப் பிரெஞ்சுப் பிரசாவுரிமை கிடைத்திருந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தோம்.

ராச வாழ்க்கை மொன்ரியல் ஓரம் பியர்பொன்ட்ஸில் அந்தத் தமையனின், என் மச்சானின், வீட்டு நிலவறையில் தொடங்கியது. வேலை சென்ட் லோரன்ட்டில் ஒரு மருந்துக் கம்பனியின் களஞ்சியத்தில், பெட்டி ஏற்றி இறக்குவது. போக ஒரு பஸ், மாறி இன்னொரு பஸ். என்னோடு வேலை செய்த கியூபெக்காரர்களுக்கு என் பிரெஞ்சைக் கேட்டால் சிரிப்பு. சார்த்ர் கமக்காரரிடம் பழகிய பிரெஞ்சு அது. இவர்களுக்கு அது பாரிஸ்காரனின் திமிராகக் கேட்டது. "மோதி ஃபிரான்சே" என்று பட்டம் வைத்தார்கள். நாசமாய்ப்போன பிரெஞ்சுக்காரன். பிரான்சில் எவனும் என்னைப் பிரெஞ்சுக்காரன் என்று சொன்னதில்லை. அந்தப் பட்டத்தைப் பெற இந்தக் கறுத்த முகத்தோடு கடல் கடந்து வரவேண்டியிருந்தது.

மச்சான் கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்கு இடம் தந்தார், மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடினார். ஆனால் அவருக்கு மேடை வேண்டும். அப்போது எங்கள் ஊர்ச் சங்கத்துத் தலைவர் பதவிக்கு நிற்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். எந்த விசேசத்துக்குப் போனாலும் என்னை முன்னுக்கு இழுத்து, "என்ரை தங்கச்சியின்ரை அவர். பிரான்சிலை நகரசபை உத்தியோகத்தர்" என்பார். ஒருநாள் நான் இடைமறித்தேன்.

"மச்சான், உத்தியோகம் எண்டு பெரிசா இல்லை. நான் அங்கை தெரு வேலை..."

"விடும். ஆர் போய்ப் பாக்கப் போகினம்?" என்று தோளில் தட்டினார்.

பார்க்கப் போகத் தேவை வரவில்லை. ஆள் தேடி வந்தது. ஒரு இலையுதிர் காலத்தில் மேயர் தொலைபேசியில் கூப்பிட்டார். பதவியை விட்டுவிட்டாராம். பேரன் மொன்ரியலில் படிக்கிறானாம். அவனைப் பார்க்க வருகிறாராம். "உன்னையும் பார்க்காமல் போக மாட்டேன்" என்றார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொன்னதில்லை.

சந்தோசத்தில் அதை மச்சானிடம் சொன்னேன். அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"பிரான்ஸ் மேயர்! எங்கட வீட்டை! உதை உப்பிடிச் சும்மா விடேலாது மச்சான்."

"அவர் சின்ன ஊர் மேயர் மச்சான். கமக்காரன். நான் எங்கையாவது கூட்டிக்கொண்டு போய் ஒரு கோப்பி குடுத்து..."

"சின்ன ஊரோ பெரிய ஊரோ, மேயர் மேயர்தானே!"

மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல், "அண்ணை ஆசைப்படுறார், செய்யட்டுமே" என்றாள். அன்றிரவு அவளிடம் தனியாகக் கேட்டேன், அந்த மனிதன் ஏதாவது வாய் தவறிச் சொன்னால் என்ன செய்வாய் என்று. "அவர் பிரெஞ்சிலைதானே சொல்லுவார்" என்றாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் விருந்து. சங்கத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். அவர் கைகாட்டுகிற ஆள்தான் சங்கத்துக்குத் தலைவர். நண்டு, கணவாய், ஆட்டிறைச்சி, மேயருக்கென்று உறைப்பில்லாமல் ஒரு கோழிக்கறி. மேயர் பழைய கோட்டும் கழுத்துப் பட்டியுமாய் வந்தார். மெலிந்திருந்தார். வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். கூடத்தில் ஆட்கள் கைதட்டினார்கள்.

மொழிபெயர்க்க நான் எழும்பினேன். மச்சான் விடவில்லை. "நீர் பேசாமல் இரும். பிள்ளை சொல்லுவாள்." அவருடைய மகளுக்கு, எனக்கு மருமகள் முறை, அப்போது பதினெட்டு வயது இருக்கும். இங்கே பிறந்தவள். பிரெஞ்சு தண்ணிபட்ட பாடு, தமிழ் தட்டித் தடவி. அவளுடைய பிரெஞ்சைச் சபையில் காட்ட மச்சானுக்கு ஆசை.

மேயர் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பினார். முதலில் வீட்டுக்காரருக்கு நன்றி சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவர் முகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தடுக்க என்னிடம் ஒரு வழியும் இருக்கவில்லை.

"அவர் சொல்லுறார், மாமாவை எங்கட ஊரிலை எல்லாருக்கும் விருப்பம்" என்றாள் மருமகள். மச்சான் தலையாட்டினார். "மாமா இல்லாட்டி ஊர் நடக்காதாம்." வாத்தியார் புன்னகைத்தார்.

மேயர் குரல் தாழ்ந்தது. மருமகள் கவனமாகக் கேட்டாள்.

"அவரின்ரை வைஃப் செத்த நேரம் சரியான குளிர். ஐஸ். ஒருத்தரும் ஏலாது எண்டுட்டினம். மாமாதான்..." அவள் நின்றாள். ஒரு சொல்லுக்குத் தடுமாறினாள். தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, செத்த ஆக்களை வைக்கிற ஹோல், அதுக்குத் தமிழிலை என்ன?"

மச்சான் குனிந்து தன் தட்டைப் பார்த்தார்.

"கிடங்கு, பிள்ளை" என்றார் வாத்தியார்.

"ஓம், கிடங்கு. மாமாதான் கையாலை கிடங்கு வெட்டினவர். கையெல்லாம் ரத்தமாம். ஊரிலை ஆர் செத்தாலும் மாமாதான் வெட்டுறவராம். அவர் வெட்டின கிடங்கிலை கிடக்கிறது மரியாதையாம். தானும் அப்பிடித்தான் நினைச்சிருந்தவராம், இப்ப மாமா இஞ்சை வந்திட்டார் எண்டு கவலையாம்."

மேயரின் கண் கலங்கியிருந்தது. கோப்பையை என் பக்கம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஊரில் என்றால் எல்லாரும் எழும்பிக் கோப்பையை உயர்த்தியிருப்பார்கள். இங்கே ஒரு கையும் அசையவில்லை. நான் எழும்பி என் கோப்பையை அவருடையதோடு முட்டினேன். அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"அப்ப தம்பிக்கு அங்கை சுடலையிலையோ வேலை?" என்று வாத்தியார் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். நான் ஓம் என்றேன்.

அவர் சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தார். மேலே ஒரு கைதுடைக்கும் கடதாசியைப் போட்டு மூடினார். சற்று நேரத்தில் தனக்கு வேறு ஒரு அலுவல் இருப்பதாக மச்சானிடம் சொல்லி எழும்பினார். அவருக்குப் பின்னால் மற்றவர்களுக்கும் ஒவ்வொரு அலுவல் வந்தது. ஒருவருக்கும் கோபம் இல்லை, சத்தம் இல்லை. சப்பாத்துப் போடுகிற இடத்தில் மட்டும் குசுகுசுப்பு. கறிச் சட்டிகள் வாய்மட்டும் நிறைந்தபடி இருந்தன.

மேயரை என் காரில் பேரன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கொஞ்சத் தூரம் போன பிறகு கேட்டார், "நான் ஏதாவது பிழையாகச் சொல்லிவிட்டேனா?"

"இல்லை. அவர்களுக்கு மனசு உருகிவிட்டது" என்றேன்.

அவர் தலையாட்டினார். "கண்ணியமான மனிதர்கள். வாயே திறக்க முடியவில்லை அவர்களால்" என்றார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

திரும்பி வந்தபோது மச்சான் கூடத்தில் தனியே இருந்தார்.

"ஒரு சொல்லு எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே?"

"சொல்ல வந்தனான். விடும் எண்டனீர்."

"தெரு வேலை எண்டுதானே சொன்னனீர்! உது தெரு வேலையோ? நாளைக்கு என்ரை பிள்ளைக்கு ஆர் கலியாணம் பேசி வருவினம்?"

அவருடைய மனைவி குசினியில் நான் சாப்பிட்ட தட்டையும் கோப்பையையும் மட்டும் தனியாக எடுத்துக் குப்பைப் பையில் போட்டதை என் மனைவி பார்த்திருக்கிறாள். அதை எனக்குச் சொன்னதும் அவள்தான். சொன்னபோது அண்ணன் மனைவிமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. என்மேல்தான் வந்தது.

"அந்தாளை வரவேண்டாம் எண்டு சொல்லியிருந்தா இந்தச் சீர்கேடு வந்திருக்குமோ?"

"அந்தக் கிடங்கு வெட்டின காசிலைதானே நீயும் நானும் பிள்ளையும் சாப்பிட்டனாங்கள்?"

"சாப்பிட்டனாங்கள்தான். அதை ஊருக்கு ஏன் சொல்லோணும்?"

நான் போய்ப் படுத்தேன்.

அந்த மாதத்துக்குள்ளேயே கார்ட்டியர்வில்லில் இரண்டு அறை வாடகை வீட்டுக்கு மாறினோம். சாமான் ஏற்றிய அன்று மருமகள் மட்டும் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"மாமா, நான் பிழையாச் சொன்னனானோ?"

"இல்லைப் பிள்ளை. சரியாத்தான் சொன்னனீ."

"பேந்து ஏன் எல்லாருக்கும் கோவம்?"

விளங்கப்படுத்தலாம் என்று வாயெடுத்தேன். தமிழில் சொன்னால் அவளுக்கு விளங்காது. பிரெஞ்சில் சொல்ல எனக்குச் சொல் இல்லை. அந்த மொழியில் எனக்கு அதைச் சொல்ல ஒருநாளும் தேவை வந்ததில்லை. "நீ உள்ளுக்குப் போ, குளிருது" என்றேன்.

மச்சான் அந்த வருசம் தலைவராகவில்லை. கதை பரவ அதிக நாள் எடுக்கவில்லை. கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு நான் மரக்கறி வெட்டப் போவது வழக்கம். ஒருநாள் அங்கே பொறுப்பாக நின்றவர் என் கையிலிருந்த கத்தியை மரியாதையாக வாங்கினார். "அண்ணை, உங்களுக்கு ஏன் கரைச்சல்? நீங்கள் வெளியிலை கார் விடுற இடத்தைப் பாருங்கோ." கொஞ்ச நாள் பனியில் நின்று கார்களுக்குக் கை காட்டினேன். பிறகு கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டேன். சங்கத்து ஒன்றுகூடலில் நான் நீட்டிய வடைத் தட்டை எல்லாரும் சிரித்த முகத்தோடு வேண்டாம் என்றார்கள். எல்லாருக்கும் ஒரே நாளில் வயிறு நிறைந்திருந்தது. இத்தனைக்கும் அவர்களில் ஆஸ்பத்திரியில் பிரேதம் கழுவுகிறவரும் இருந்தார், இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டுகிறவரும் இருந்தார். அவர்களை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களைப் புகழ்ந்து பேச ஒரு மேயர் வந்ததில்லை.

சில வருசத்தில் மருமகளுக்குக் கலியாணம் சரிவந்தது. மச்சான் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. நல்ல இடம், டொரண்டோ மாப்பிள்ளை. அழைப்பிதழ் எங்கள் இரண்டு பேர் பெயருக்கும்தான் வந்தது. பிறகு மச்சான் என் மனைவியோடு தொலைபேசியில் நெடுநேரம் கதைத்தார். அவள் வைத்துவிட்டு வந்து, உடுப்பு மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கலியாணத்தண்டு சனிக்கிழமை உங்களுக்கு வேலையோ?"

சனிக்கிழமையில் எனக்கு வேலை இருந்ததே இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

"ஓம், வேலை" என்றேன்.

மாமி முறையில் நின்று ஆலாத்தி எடுக்க வேண்டியவள் அவள். போனாள். மகளும் போனாள், முதல் முதலாகச் சேலை கட்டுகிறாள் என்ற சந்தோசப் புழுகம் அவளுக்கு. சேமக்காலையில் நான் வேலை செய்கையில் கல்லறைகளுக்கிடையில் ஓடி விளையாடிய பிள்ளை. "அப்பா வரேல்லையோ?" என்று வாசலில் ஒருதரம் கேட்டாள். தாய் காரை இயக்கிவிட்டாள். பின்னேரம் எனக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள். பசித்தது, சாப்பிட்டேன். நல்லாய்த்தான் இருந்தது.

அதற்கு அடுத்த மாரியில் மேயரின் பேரன் கூப்பிட்டான். தாத்தா செத்துவிட்டார், உங்களுக்குச் சொல்லச் சொல்லியிருந்தார் என்றான். அடக்கத்தை நகரத்துக் கம்பனி பார்க்கிறதாம். எனக்குப் பிறகு ஊராட்சி அந்த வேலைக்கு ஆள் எடுக்கவில்லையாம். இயந்திரம் வந்து வெட்டிவிட்டுப் போகுமாம். அவனுடைய பிரெஞ்சு தாத்தாவுடையதைப் போலவே இருந்தது.

மனைவி குசினியில் நின்றாள். நான் போய், "மேயர் செத்துப்போனாராம். நான் ஒருக்காப் பிரான்சுக்குப் போயிட்டு வரப்போறன்" என்றேன்.

அவள் திரும்பவில்லை.

"போய் என்ன செய்யப்போறியள்? அதுக்கும் கிடங்கு வெட்டப்போறியளோ?"

சொல்லிவிட்டு அவளுக்கே திடுக்கிட்டிருக்க வேண்டும். கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. ஆனால் திருப்பி எடுக்கவில்லை அந்தச் சொல்லை. எடுத்திருந்தால் நான் போயிருப்பேனோ என்னவோ. எடுக்காதபடியால் போகவேண்டும் என்ற எண்ணமே செத்துவிட்டது. அவளுக்குப் பயந்து இல்லை. பதினைந்து வருசம் ஒரு பாயில் படுத்தவளுக்கே இது இவ்வளவுதான் என்றால், நான் அங்கே போய் நின்று ஆருக்கு எதைக் காட்ட? அடக்கத்துக்குப் போகவில்லை.

அடுத்தநாள் காலமை பஸ்ஸேறி வேலைக்குப் போனேன். பெட்டிகள் வந்தன, ஏற்றினேன். இடைவேளையில் ஒரு கியூபெக்காரன், "என்ன பிரெஞ்சுக்காரா, முகம் செத்துக் கிடக்கு?" என்றான். ஊரில் ஒருத்தர் செத்துப்போனார் என்றேன். "இலங்கையிலா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் தன் கோப்பியில் பாதியை என் கோப்பைக்குள் ஊற்றிவிட்டுப் போனான்.

நாங்கள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். சண்டை இல்லை. அவள் சமைக்கிறாள், நான் சாப்பிடுகிறேன். மச்சானைக் கடைகண்ணியில் கண்டால் சுகம் விசாரிப்பார். என் கையைப் பிடிக்காமல், எட்ட நின்று.